மல்லைக் கரையின் மணல் அரண்

மாமல்லபுரத்திற்குச் செல்லும் மாணவர் பெரும்பாலும் கல்லைக் கண்டு திரும்புகின்றனர். ஐந்து இரதங்களையும், அருச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தையும், அலையோரத்தில் நிற்கும் கடற்கரைக் கோயிலையும் கண்டு வியக்கின்றனர். அக்கோயிலை நோக்கி நடக்கையில் தம் காலடியிற் சரிந்த மணலைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வரலாற்று நூல்களிலும் அம்மணலுக்கு இடம் அளிப்பார் இலர். ஆயினும் செங்கற்பட்டு மாவட்டத்தின் தாழ்ந்த கடற்கரை பன்னூறு ஆண்டுகளாகக் குடியிருப்புக்கு உரியதாய் இருந்து வந்தமைக்கு அம்மணல் ஒரு தலையாய காரணமாகும். அதன் வரலாற்றையே இன்று சிறிது ஆராய்வோம்.

அரண் என்றவுடன் மதிலும் அகழியும் நம் நினைவிற்கு வருகின்றன. திருவள்ளுவரோ, அரண் என்னும் அதிகாரத்தில் மதிலின் இயல்பை உரைப்பதற்கு முன்பே, நீரும் நிலமும் மலையும் காடும் அரணாவதைக் கூறிவிட்டார். மன்னர்க்குரிய பகையை எண்ணி அவர் அங்ஙனம் உரைத்தார். கடலின் சீற்றத்தை எண்ணினாலும் அக்கருத்துப் பொருந்தும். ஆனால், கடலைப் பகை என்று சொல்ல நெய்தல் நில மக்கள் உடன்படார். அவர்களுக்கு அது சோறிடும் தாய். தாய் சினங்கொள்ளும் வேளையில் சற்று ஒதுங்கி நிற்கும் அறிவே அவர்கள் கண்ட பாதுகாப்பு.

சங்கச் சான்றோர் கடற்கரை நிலத்தை நெய்தல் என ஒரு பூவின் பெயரால் குறித்தனர். அத்திணைப் பாடல்களில் அடும்பும், தாழையும், புன்னையும், ஞாழலும், கண்டலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. காதலர் சந்திக்கும் இடத்திற்கு அழகூட்டுவதற்காக மட்டும் புலவர் இவற்றைப் பாடினர் என்று கருதுதல் வேண்டா. அவர்கள் கண்ட கரை அவ்வாறே இருந்தது. அலைக்கு அண்மையில் மணலோடு படரும் அடும்பங்கொடி. அதற்குப் பின் தாழம்புதர். அதற்கும் பின் உயர்ந்த மணல்மேட்டில் புன்னை மரம். கழியின் சேற்றிலே கண்டல். எந்தச் செடி எங்கே நிற்கும் என்ற வரிசையை அவர்கள் பிழையின்றி அறிந்திருந்தனர். இன்றைய தாவர நூலார் கடற்கரையை ஆராய்ந்து வகுக்கும் வரிசையும் ஏறத்தாழ அதுவே.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அந்நூலில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் கூறப்படுகிறது. இரவில் வரும் கலங்களுக்கு வழிகாட்ட ஓங்கிய மாடத்தில் விளக்கேற்றிய செய்தியும் அதில் உண்டு. அத்துறைமுகம் மாமல்லபுரமே என்பர் ஒரு சாரார், மறுப்பாரும் உளர். இளந்திரையன் பெயரைப் பற்றி ஒரு பழங்கதையும் வழங்குகிறது. நாகர்குல நங்கை ஒருத்தி தன் மகனுக்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுத்தாள் என்றும், திரை அவனைக் கரைசேர்த்தமையால் திரையன் எனப் பெயர் பெற்றான் என்றும் அக்கதை கூறும். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், ஒரு கொடியின் பெயரைத் தாங்கிய தொண்டை நாட்டின் கரையைக் காத்து நிற்பதும் ஒரு கொடியே என்பது சுவையான பொருத்தமன்றோ?

அக்கொடி கரையைக் காப்பது எவ்வாறு? கடற்காற்று உலர்ந்த மணலை வாரிக்கொண்டு ஓயாது உள்நோக்கி வீசுகிறது. வழியில் அடும்பங்கொடியோ, இராவணன் மீசை என்று மக்கள் அழைக்கும் முள்நுனிப் புல்லோ நின்றால், தரையோடு செல்லும் காற்று வேகம் குறைகிறது. வேகம் குறைந்த காற்று சுமையை இறக்கி வைக்கிறது. மணல் குவிந்து செடியை மூடுகிறது. வேறு செடியாயின் மாண்டுவிடும். இவையோ மூடிய மணலுக்கு மேல் தளிர்த்து, கணுக்கள்தோறும் புதிய வேர்விட்டு எழும். மீண்டும் மணல் குவியும். மீண்டும் செடி எழும். இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தபின் ஆளுயரமும் அதனினும் மிக்க உயரமும் உடைய மணல்மேடு உருவாகிறது. அதற்கு விலை கொடுத்தவர் எவரும் இலர்.

புயற்காலத்தில் இம்மேட்டின் தொழில் இன்னும் வியப்புக்குரியது. பேரலைகள் மேட்டின் முகத்தை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. காண்பவர், கரை அழிந்தது என்று அஞ்சுவர். இழுக்கப்பட்ட மணலோ வெகுதொலைவு செல்வதில்லை. கரைக்கு எதிரே நீருக்கடியில் ஒரு திட்டாகப் படிகிறது. பின்வரும் அலைகள் அத்திட்டில் மோதி உடைந்து வலிமை குன்றியே கரையை அடைகின்றன. புயல் ஓய்ந்து சிற்றலைகள் வீசுங்காலத்தில், அதே மணல் சிறிது சிறிதாகக் கரைக்கு மீள்கிறது; காற்று அதை எடுத்து மேட்டில் வைக்கிறது; கொடி அதைப் பற்றுகிறது. வளமான காலத்தில் சேர்த்து, வறுமைக் காலத்தில் செலவிடும் களஞ்சியத்தைப் போன்றது மணல்மேடு. கற்சுவருக்கு இத்தகைய நெகிழ்ச்சி இல்லை. அது நிற்கும், அன்றேல் விழும்.

மற்றொரு நன்மையும் உண்டு. பெய்த மழைநீர் மணல்மேட்டில் ஊறித் தேங்குகிறது. நன்னீர் உப்புநீரைக் காட்டிலும் எடை குறைந்தது ஆதலின், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அலைக்கு நூறு அடி தொலைவில் ஊற்றுத் தோண்டி இனிய குடிநீர் எடுக்கும் குப்பத்துப் பெண்டிரை இக்கரையில் நெடுங்காலமாகக் காணலாம். திருவான்மியூர் முதல் கோவளம் வரையுள்ள மணற்பரப்பின் நிலத்தடி நீர் சென்னை மாநகருக்கே குடிநீராகப் பயன்பட்டிருக்கிறது. மேட்டைச் சமன்செய்தால் இந்நீரும் குன்றும். உவர்நீர் உள்ளே ஏறும்.

இனி, மணலின் பயணத்தைப் பார்ப்போம். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அதைத் தெற்கு நோக்கித் திருப்புகிறது. முன்னதன் காலம் நீண்டதாகலின், ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. கரையோரத்தில் ஓர் ஆறு ஓடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீருக்குப் பதிலாக மணல் ஓடும் ஆறு. அதன் குறுக்கே எவர் அணைகட்டினாலும் தெற்கே மணல் சேரும்; வடக்கே பஞ்சம் உண்டாகும்.

இதைச் சென்னை மாநகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1875ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, அவற்றின் தெற்கே மணல் குவியத் தொடங்கியது. கிராண்ட் டஃப் என்னும் ஆளுநர் 1884இல் உலாவும் சாலை அமைத்த மெரினா, அவ்வாறு குவிந்த மணலால் அகன்ற கரையேயாம். உலகம் புகழும் அவ்வழகுக்கு வடக்கே இராயபுரம் பக்கத்து மீனவர் விலை கொடுத்தனர். அங்கே கரை ஆண்டுதோறும் தேய்ந்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. அரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்ட, அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்தது. மெரினாவின் மணலில் அமர்ந்து இளைப்பாறுவோர் இராயபுரத்தையும் ஒருகால் நினைத்தல் தகும். புதுச்சேரியிலும் 1980களில் எழுந்த துறைமுகச் சுவர்களுக்குப் பின்னர் நகரத்தின் கடற்கரை மறைந்து கற்குவியலே எஞ்சியது. 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் நீரில் மூழ்கிய செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின்பே மணல் ஓரளவு திரும்பியது. புயற்காலத்தில் மணல் தானே கட்டிக்கொள்ளும் திட்டின் வேலையை, அங்கே மனிதர் இரும்பாலும் கல்லாலும் செய்ய வேண்டியதாயிற்று.

மாமல்லபுரத்திற்கு மீள்வோம். கடற்கரைக் கோயில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் காலத்தது, கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் எனலாம். ஊருக்குப் பெயரளித்த மாமல்லன் அவனுக்கு முற்பட்ட முதலாம் நரசிம்மவர்மன். ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோபுரங்கள் என்று அழைத்தனர். ஆறு கோயில்களைக் கடல் கொண்டது என்ற செவிவழிச் செய்தியை வில்லியம் சேம்பர்சு என்பவர் 1788இல் வெளிவந்த கட்டுரையில் எழுதிவைத்தார். 2002ஆம் ஆண்டு கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் ஆங்கில நாட்டு ஆய்வுக் குழுவினரும் இங்கே நீரில் மூழ்கித் தேடியபோது, கரைக்குச் சில நூறு மீட்டர் கிழக்கே சுவர்ப்பகுதிகளையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். அவை ஆறு கோயில்களின் எச்சம் என்று துணிவதற்கில்லை. கரை ஒரு காலத்தில் இன்னும் கிழக்கே இருந்தது என்பதற்கு அவை தக்க சான்றாகும்.

கோயிலைக் காக்கத் தொல்லியல் துறையினர் கடற்பக்கம் கற்பாறைகளைக் குவித்துத் தடுப்பமைத்தனர். உப்புக்காற்றைத் தணிக்கச் சுற்றிலும் சவுக்கு வளர்த்தனர். இது குற்றமன்று. மீண்டும் படைக்க இயலாத ஒரு கலைச்செல்வத்திற்குக் கல்லரண் இடுதல் முறையே. ஆனால் ஒரு கோயிலுக்குத் தகுந்த மருந்தைக் கோவளம் முதல் பாலாற்று முகம் வரையுள்ள கரை முழுவதற்கும் கொடுக்க முடியுமா? ஒரு குப்பத்தின் முன் கல்லைக் கொட்டினால் வடக்கேயுள்ள அடுத்த குப்பம் மணலை இழக்கும். அதற்கும் கல் வேண்டும்; அதற்கு அடுத்ததற்கும் வேண்டும். முடிவில் கரை முழுதும் கல்லாகும். படகை ஏற்றி நிறுத்தவும், கரைவலை இழுக்கவும், மீன் உலர்த்தவும் இடமிராது. மணற்கரையை இழந்த மீனவனுக்குக் கடல் அருகில் இருந்தும் பயனில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 உயிர்கள் மாண்டன. இக்கரையின் குப்பங்கள் பல சிதைந்தன. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் பகுதியில் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அங்குள்ள ஊழியர் குடியிருப்பிலும் பலர் உயிரிழந்தனர். மாமல்லபுரத்தில் கோயில் நிலைத்து நின்றது.

அலை வாரிச்சென்ற மணலுக்கு அடியிலிருந்து பழம்பொருள்கள் வெளிப்பட்டன. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பாறையொன்றிலிருந்த கல்வெட்டுகள் புலப்பட்டன. அவற்றில் முருகன் கோயில் ஒன்றைப் பற்றிய குறிப்பிருந்தது. தொல்லியல் துறையினர் 2005ஆம் ஆண்டு முதல் அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தனர். பல்லவர் காலத்துக் கோயிலின் அடித்தளமும், அதன் கீழே அதற்கு முற்பட்ட செங்கற் கோயிலும் வெளிவந்தன. செங்கற் கோயில் சங்க காலத்தது என்பது அகழ்ந்தவர் கருத்து. கடல் வெள்ளம் அதனை ஒருமுறையேனும் தாக்கியிருத்தல் வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். மாமல்லபுரக் கரையின் மண்ணடுக்குகளை ஆராய்ந்த நிலநூலாரும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பேரலையும், அதற்கு முன்னும் ஒன்றும் வந்துசென்ற அடையாளங்களைக் கண்டனர். பேரலை சிதைத்த கோயிலை மணல் மூடிப் பல நூற்றாண்டுகள் காத்தது. மற்றொரு பேரலை அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்தது.

அப்பேரழிவுக்குப் பின் ஒரு வழக்கு எழுந்தது. அதனை மாணவர் அறிதல் நன்று. மரங்கள் ஊர்களைக் காத்தனவா என்பதே வழக்கு. 2005ஆம் ஆண்டு அக்டோபரில், டென்மார்க்கு முதலிய நாடுகளின் ஆய்வாளரும் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து, கடலூர் மாவட்டக் கரையைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். அலையாத்திக் காட்டிற்கும் சவுக்குத் தோப்பிற்கும் பின்னால் இருந்த ஊர்கள் சேதம் குறைந்திருந்தன என்பது அவர்கள் முடிவு. வேறு சிலர் இத்தகைய முடிவுகளை மறுத்தனர். காடிருந்த இடத்து ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. உயிர்காத்தது தொலைவும் உயரமுமே என்றனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு என்பது என் கருத்து. பத்து மீட்டர் உயர்ந்து வரும் அலையைச் செடி தடுக்கும் என்று எவரும் ஏமாறுதல் கூடாது. அத்தகைய அலைக்கு முன்னறிவிப்பும் ஓட்டமுமே மருந்து. ஆயினும் அந்தத் தொலைவும் உயரமும் எங்கிருந்து வந்தன? மணல்மேட்டையும் கழியையும் அழிக்காது விட்ட இடத்தில்தானே ஊர் பின்னே அமைகிறது?

இவ்வாராய்ச்சியை அரைகுறையாகக் கேட்டு விளைந்த தீங்கும் உண்டு. பேரலைக்குப் பின், உயிர்வேலி என்ற பெயரால் கரையெங்கும் சவுக்கு நட்டனர். சில இடங்களில் இயற்கை மணல்மேட்டை இயந்திரத்தால் சமன்செய்து அதன்மேல் நட்டனர்! வீட்டை இடித்துக் கதவு செய்ததை ஒக்கும் இது. சவுக்கு நம் நாட்டுப் பழமரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பெரும்பாலும் புகைவண்டிக்கு விறகாகும் பொருட்டுச் சென்னை மாகாணத்துக் கரைகளில் பரவியது. காற்றைத் தடுக்கும், ஏழைக்கு விறகு தரும், இவ்வளவில் நல்ல மரமே. ஆனால் அதன் உதிர்ந்த இலை மெத்தையாகப் படிந்த இடத்தில் அடும்பும் புல்லும் வளர்வது அரிது. அலைவரை நெருங்கி நட்டால், தை, மாசி மாதங்களில் முட்டையிடக் கரையேறும் ஆமைகளுக்கும் இடையூறு. சவுக்கின் இடம் மேட்டுக்குப் பின்னால். மேட்டின் முகம் கொடிக்கு உரியது.

கரைக்குப் பின்னேயுள்ள தாழ்நிலத்தையும் மறத்தலாகாது. முட்டுக்காட்டு முகமும், கோவளத்து உப்பளங்களும், தெற்கே ஒதியூர்க் கழியும் பெருகிவரும் நீருக்கு ஒதுங்கும் மனைகள். 1806இல் தொடங்கிப் பல கட்டங்களாக வெட்டப்பெற்ற பக்கிங்காம் கால்வாய், ஆந்திர நாட்டிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் கரையை ஒட்டியே செல்கிறது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர் 1877, 78ஆம் ஆண்டுகளில் கூலிக்கு வெட்டியது. படகு செல்வதற்காக வெட்டிய அக்கால்வாய், 2004இல் ஆந்திரக் கரையில் பேரலையின் நீரைத் தன்னுள் வாங்கிப் பின் கடலுக்கே வடித்து மக்களைக் காத்தது என ஆய்வாளர் எழுதினர். கால்வாயைத் தூர்ப்பதும் கழியை மனைநிலமாக்குவதும் வெள்ளத்தின் இருப்பிடத்தைப் பறிப்பதாகும். இடம் இழந்த வெள்ளம் வீடுகளில் புகாது வேறெங்கே செல்லும்?

இவையனைத்தும் இன்று அவசரமாகக் கருதத்தக்கவை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்த புகையால் உலகம் வெப்பமுறுகிறது, பனி உருகுகிறது, கடல்நீர் வெப்பத்தால் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. சிறு அளவென்று தோன்றலாம். தட்டையான கரையில் ஒரு சாண் உயரம் பல முழம் அகலத்தை விழுங்கும். புயலலை அந்த உயர்ந்த நீரின்மேல் ஏறி வரும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரைகடந்ததை இவ்வட்டாரத்து மாணவர் மறந்திரார்.

இவ்விடத்தில் ஒரு பழைய தொடர்பு நினைவிற்கு வருகிறது. மாமல்லபுரத்திற்குச் சிறிது தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை சிதைந்து நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் துணி வாங்க வந்த அவ்வணிகர், கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த நாட்டிலிருந்து வந்தவர். கல்லணையிலும் கரையணையிலும் உலகிற்கே ஆசானான அந்நாட்டார், 2011இல் தி ஹேக் நகருக்கு அருகே சுவர் எழுப்பவில்லை; 2 கோடியே 15 இலட்சம் கனமீட்டர் மணலைக் கரையோரம் குவித்து, அலையும் காற்றும் அதனைக் கரைநெடுகப் பரப்புமாறு விட்டனர். தம் மணல்மேடுகளின்மேல் புல் நட்டு வளர்ப்பது அவர்களிடம் பல தலைமுறை வழக்கம். அணைகட்டுவோரே மணலை நாடுவதை நம் பொறியியல் மாணவர் கருதிப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி, உயர்நீர் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் கட்டடமின்றி விடுமாறு கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 2011இன் அறிவிக்கை மணல்மேட்டையும் அலையாத்திக் காட்டையும் மிகக் கடுமையான காப்புக்குரிய வகையில் சேர்த்தது. 2019இன் அறிவிக்கையோ, மக்கள் நெருங்கி வாழும் ஊர்ப்புறங்களில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறுக்கிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அலைக்கும் இடையே மேடுகளைச் சமன்செய்து உல்லாச மாளிகைகள் எழுந்திருப்பதைப் பேருந்தில் செல்வோரும் காணலாம். மாளிகை வைத்தவர், அலை நெருங்கினால் வேறூர் செல்வர். குப்பத்தார் எங்கே செல்வர்?

2023ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு நெய்தல் மீட்சி இயக்கம் என்னும் திட்டத்தை அறிவித்தது. சங்கத் திணையின் பெயரை அதற்குச் சூட்டியது பாராட்டுக்குரியது. பெயருக்கேற்ப வேலை நடைபெற வேண்டுமாயின், எந்தச் செடி எங்கே நிற்கும் என்ற அந்தப் பழைய வரிசையை அறிந்தோரும், கரையில் நாள்தோறும் நடப்போரும் அதில் இருத்தல் வேண்டும். அழிந்த மேட்டை மீட்கும் முறை கடினமன்று. காற்றுக்குக் குறுக்கே பனையோலையாலோ தென்னங்கீற்றாலோ முழங்காலளவு தடுப்பு நிறுத்தினால் மணல் தானே குவியும். மழைக்காலத் தொடக்கத்தில் அடும்பங்கொடியையும் இராவணன் மீசையையும் துண்டுகளாக அதில் நட்டால், ஈரம் உள்ளபோதே அவை வேர்பிடிக்கும். மாடும் வண்டியும் ஏறாதவாறு சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டு, படகுக்கும் வலைக்கும் வழிவிட்டு, குப்பத்தார் தம் கரையில் தாமே இதைச் செய்துகொள்ளலாம்.